முன்னாள் ராணுவ வீரரான தாத்தாவின் வாழ்க்கையை நினைவு மலராக எழுதுவது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: தாத்தா 1935-இல் பிறந்தவர். 1956-இல் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து 1978-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். 90 வயதில் காலமானார். பாட்டிக்கு 84 வயது. வீட்டில் ஒரு டிஸ்சார்ஜ் புக் (படையிலிருந்து வெளிவரும்போது தரும் பதிவுப் புத்தகம்), ஆறு மெடல்கள், ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கடிதங்கள் இருக்கின்றன. 16-ஆம் நாள் காரியத்துக்கு ஒரு நினைவு மலர் போட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

16-ஆம் நாளுக்கு நான்கு பக்கத் துண்டு மலர் ஒன்று போதும். ஒரு நல்ல படம், பிறந்த நாள், படையில் இருந்த ஆண்டுகள், குடும்பத்தார் பெயர்கள், அவ்வளவுதான். முழு மலரை முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ராணுவ ஆவண அலுவலகத்துக்குக் கடிதம் போட்டுப் பதில் வரவே ஒன்றிரண்டு மாதம் ஆகிவிடும். துக்கத்தில் இருக்கும் பாட்டியை இந்தப் பதினைந்து நாளுக்குள் கேள்வி கேட்டு உட்கார வைப்பதும் முறையில்லை.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: பாட்டியின் குடும்ப ஓய்வூதியம். தாத்தாவின் பென்ஷன் புத்தகத்தில் பி.பி.ஓ. எண், அதாவது ஓய்வூதிய ஆணை எண் இருக்கும். இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் இறப்பைப் பதிவு செய்யுங்கள். இணையம் பழக்கமில்லை என்றால் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனால் வழி சொல்வார்கள். இறந்த பிறகும் அவர் கணக்கில் பென்ஷன் விழுந்தால் எடுக்காதீர்கள், பிறகு பிடித்துக்கொள்வார்கள். பாட்டிக்குச் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் சம்பளக் கணக்கில் 30 சதவீத அளவில் வரும். அதன்மேல் 80 வயது நிறைந்தவர்களுக்கு 20 சதவீதமும், 85-க்கு 30, 90-க்கு 40, 95-க்கு 50 சதவீதமும் கூடுதலாக உண்டு. 100 வயதில் இன்னொரு மடங்கே கிடைக்கும். இந்தக் கூடுதல் தொகை தடைப்படுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: பி.பி.ஓ.வில் மனைவியின் பிறந்த தேதி இருக்காது, அல்லது ஆதாரில் ஒரு பெயரும் படைப் பதிவில் வேறு பெயருமாக இருக்கும். திருத்தம் செய்ய ஆவண அலுவலகத்துக்கு எழுதத்தான் வேண்டும். மலருக்கான விவரங்களையும் அங்கேதான் கேட்கப்போகிறீர்கள், ஆனால் இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்காமல் தனித்தனியாக எழுதுங்கள். கலந்தால் மலருக்கான பகுதிக்குப் பதில் வராது.

இனி டிஸ்சார்ஜ் புக்கை எடுங்கள். அதில் படை எண், பதவி, தந்தை பெயர், கிராமம், சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, வெளிவந்த காரணம், நன்னடத்தை, கற்ற வகுப்புகள், பெற்ற மெடல்கள், மனைவி மக்கள் பெயர் எல்லாம் இருக்கும். நன்னடத்தை என்ற இடத்தில் ‘எக்ஸம்ப்ளரி’ என்றிருந்தால் அதுதான் மிக உயர்ந்த தரம். மலரில் அதை அப்படியே போடலாம். கல்வி என்ற இடத்தில் ஆர்மி தேர்ட் கிளாஸ், செகண்ட் கிளாஸ் என்று சான்றிதழ்கள் குறித்திருக்கும். ஊரில் ஐந்தாவதோடு நின்ற பிள்ளை பட்டாளத்தில் ரோமன் எழுத்தில் இந்தி படித்து, வரைபடம் பார்க்கக் கற்றுத் தேறிய கதை அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகின்றன. மெடலைப் போலவே இதற்கும் மதிப்புக் கொடுத்து எழுதுங்கள்.

பிறந்த தேதியில் குழப்பம் வரும். படையில் சேரும்போது கொடுத்த தேதி ஒன்று, ஜாதகத்தில் உள்ளது வேறு. ஜாதகத்தில் யுவ வருடம் என்றிருந்தால் அது 1935 ஏப்ரல் நடு முதல் 1936 ஏப்ரல் நடு வரை. வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் இவர் வயதுக்குப் பிழை வர வாய்ப்பில்லை. தமிழ் மாதத்தையும் நட்சத்திரத்தையும் வைத்து ஆங்கிலத் தேதியைப் பழைய பஞ்சாங்கத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். மலரில் இரண்டு தேதிகளையும் போடுங்கள், எது எங்கிருந்து வந்தது என்றும் சொல்லுங்கள். ஒன்றை மறைத்தால் நாளைக்கு இன்னொரு காகிதத்தைப் பார்க்கும் பேரப்பிள்ளை குழம்பிப்போவான்.

படையில் இருந்த ஆண்டுகளைக் கணக்கிடும்போது ஒரு எச்சரிக்கை. உங்கள் தாத்தா 22 ஆண்டு முழுக்க இருந்தவர், அதனால் சிக்கலில்லை. அந்தக் காலத்தில் 15 ஆண்டு என்று எழுதி வெளிவந்த பலருக்கு அதில் ஒரு பகுதி மட்டுமே கலர் சர்வீஸ், அதாவது சீருடையில் படையிலேயே இருந்த காலம். மீதி ரிசர்வில், அதாவது ஊரிலேயே இருந்து கூப்பிட்டால் போக வேண்டிய நிலையில் கழிந்த ஆண்டுகள். ‘15 ஆண்டு எல்லையில் நின்றார்’ என்று மலரில் அச்சாகிவிடுகிறது, டிஸ்சார்ஜ் புக்கோ கலர் இவ்வளவு, ரிசர்வ் இவ்வளவு என்று தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. வேறு உறவினருக்கு மலர் போடுவோர் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதவியிலும் கவனம் வேண்டும். சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், அதற்கு மேல் நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். 1965 வரை நாயப் சுபேதாருக்கு ஜமேதார் என்று பெயர். ஹவில்தாராக இருந்து ஜே.சி.ஓ. (நாயப் சுபேதார் முதல் மேலுள்ள பதவிகள்) ஆனவர்களுக்குப் படை எண்ணே மாறி ‘ஜேசி’ என்ற முன்னொட்டோடு புது எண் வரும். ஒரே ஆளுக்கு இரண்டு எண் இருப்பதைப் பார்த்து வேறு யாருடைய காகிதமோ என்று ஒதுக்கிவிடாதீர்கள். சில ஹவில்தார்களுக்கு ஓய்வின்போது கௌரவ நாயப் சுபேதார் பதவி தருவார்கள். அப்படியிருந்தால் ‘கௌரவ’ என்ற சொல்லோடு சேர்த்தே எழுத வேண்டும்.

மெடல்களுக்கு வருவோம். துடைத்துப் பளபளப்பாக்க வேண்டும் என்று கை பரபரக்கும். வேண்டாம். மெடலின் விளிம்பில் எண், பதவி, பெயர் பொறித்திருக்கும். பிராஸோ போட்டுத் தேய்த்தால் முதலில் போவது அந்த எழுத்துதான். உலர்ந்த மெல்லிய துணியால் தூசியை மட்டும் எடுங்கள். விளிம்பை டார்ச் ஒளியில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தெரியும். எல்லா மெடலிலும் உங்கள் தாத்தா பெயர்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பாரக்ஸில் இருந்தவர்களுக்குள் மாறிப்போனவையும், தொலைந்ததற்குப் பதிலாகக் கடையில் வாங்கியவையும் பெட்டிகளில் இருப்பதுண்டு.

மெடல் சொல்லும் செய்தியை மீறி ஒரு வரியும் எழுதக்கூடாது என்பதுதான் இந்த வேலையில் கண்டிப்பான விதி. 1965 போருக்கு இரண்டு உண்டு. சமர் சேவா ஸ்டார், 1965 ஆகஸ்ட் 5-க்கும் 1966 ஜனவரி 25-க்கும் இடையில் போர்ப் பகுதியில் இருந்தவர்களுக்கு. ரக்ஷா மெடல், அந்தச் சமயத்தில் படையில் இருந்தவர்களுக்குப் பொதுவாகத் தரப்பட்டது. 1971-க்கும் அப்படியே. கிழக்கில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார், பொதுவாகச் சங்கிராம் மெடல். 1962 சீனப் போருக்கு இப்படித் தனி ஸ்டார் கிடையாது. அதனால் மெடலைப் பார்த்து 1962-இல் எங்கே இருந்தார் என்று முடிவு செய்ய முடியாது. சைன்ய சேவா மெடலில் ஜம்மு காஷ்மீர், ஹிமாலயா, நேஃபா (இன்றைய அருணாசலப் பிரதேசம்) என்று பட்டை இருந்தால் எந்தப் பக்கம் இருந்தார் என்று தெரியும், எந்த ஆண்டு என்று தெரியாது. சுதந்திர தின வெள்ளி விழா மெடல் 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு வந்தது. 9 ஆண்டு, 20 ஆண்டு நீண்ட சேவை மெடல்களும் உண்டு. இவற்றை ‘வீரதீரத்துக்காகப் பெற்ற பதக்கங்கள்’ என்று மொத்தமாக எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வீர விருதுகள் வேறு. சேனா மெடல், வீர் சக்ரா போன்றவை அரசிதழில் பெயரோடு வரும்.

ரக்ஷாவும் சங்கிராமும் இருந்து ஸ்டார் எதுவும் இல்லையென்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை. போர் மாதங்களில் அவர் வெலிங்டனில் உள்ள ரெஜிமென்ட் பயிற்சி சென்டரில் இன்ஸ்ட்ரக்டராக இருந்திருக்கலாம், என்.சி.சி. பணியில் இருந்திருக்கலாம். புதுப் பையன்களுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஹவில்தார் போருக்குக் குறைவாக எதையும் கொடுத்துவிடவில்லை. அதை உள்ளபடி எழுதினாலே பெருமைதான்.

‘மெட்ராஸ் ரெஜிமென்ட்’ என்று மட்டும் எழுதுவதும் போதாது. ரெஜிமென்ட் என்பது ஒரே இடத்தில் இருக்கும் படை இல்லை. அதன் ஒவ்வொரு பட்டாலியனும் ஒவ்வொரு மூலையில் இருக்கும். 1971 டிசம்பரில் 16 மெட்ராஸ், அதாவது 16-ஆவது பட்டாலியன், மேற்கே ஷகர்கட் பகுதியில், பசந்தர் ஆற்றுப் போரில் இருந்தது. அதே மாதம் 26 மெட்ராஸ் கிழக்கே குல்னா பக்கம் போரிட்டது. பட்டாலியன் எண் தெரியாமல் இணையத்தில் கிடைக்கும் போர்க்கதையைத் தாத்தா பெயருக்குக் கீழே ஒட்டினால் அது வேறொருவர் வாழ்க்கை. டிஸ்சார்ஜ் புக்கில் இருப்பது பெரும்பாலும் கடைசியாக இருந்த யூனிட்தான். இடையில் மாறியிருக்கிறாரா என்று ஆவண அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு அந்த அலுவலகம் நீலகிரி வெலிங்டனிலேயே இருக்கிறது. மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்புக்குப் பெங்களூர், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, வாகனம், கருவிகளைப் பழுதுபார்க்கும் ஈ.எம்.ஈ. பிரிவுக்குச் செகந்திராபாத், மருத்துவப் பிரிவுக்கு லக்னோ, விமானப் படைக்கு தில்லி சுப்ரதோ பார்க், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்த். கடிதம் பாட்டியின் பெயரில், பாட்டியின் கையெழுத்தோடு போகட்டும். பேரன் எழுதுவதைவிட அதற்கு எடை அதிகம். படை எண், பதவி, பெயர், பி.பி.ஓ. எண், இறப்புச் சான்றிதழ் நகல் ஆகியவற்றோடு கேட்க வேண்டியவை மூன்று: எந்தெந்த யூனிட்டில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, பெற்ற மெடல்களின் பட்டியல், குடும்பம் தொடர்பான பார்ட் டூ ஆர்டர் பதிவுகள். ‘தாத்தாவைப் பற்றிய எல்லா விவரமும் வேண்டும்’ என்று எழுதினால் எதுவும் வராது. பதிலே இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் அஞ்சலாணை வைத்து அதே மூன்றையும் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். பென்ஷன் ஓடிக்கொண்டிருப்பவர்களின் ஆவணம் கிடைக்க வாய்ப்பு அதிகம். பென்ஷன் இல்லாமல் சில ஆண்டுகளில் வெளிவந்தவர்களின் கோப்பை 25 ஆண்டுக்குப் பின் அழித்துவிடுவது நடைமுறை. அப்போதும் லாங் ரோல் என்ற நிரந்தரப் பதிவேட்டில் அடிப்படை விவரம் இருக்கும், அதைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

பார்ட் டூ ஆர்டரை விட்டுவிடாதீர்கள். ஒரு சிப்பாய்க்குக் கல்யாணம் ஆனதும், பிள்ளை பிறந்ததும், லீவில் போனதும் வந்ததும் அதில் பதிவாகும். பட்டாளமும் வீடும் ஒரே காகிதத்தில் சந்திக்கும் இடம் அது. பெரிய அத்தை பிறந்த தேதிக்கும் அது பதிவான தேதிக்கும் இடையே இரண்டு மூன்று மாதம் இருந்தால், ஊர்க் கர்ணத்திடம் சான்று வாங்கி அனுப்பி, அது போய்ச் சேர்ந்து, மேஜையில் ஏறிய காலம் அது.

இப்போது ஒரு பெரிய தாளில் மூன்று கட்டம் போடுங்கள். ஆண்டு, பட்டாளம், வீடு. 1956 முதல் 1978 வரை நிரப்பிவிட்டு நிறுத்தாதீர்கள், கடைசி ஆண்டு வரை கொண்டுவாருங்கள். அப்போதுதான் கண்ணில் படும்: சீருடையில் 22 ஆண்டு, அதற்குப் பிறகு ஊரில் 47 ஆண்டு. மலர்கள் பெரும்பாலும் 22 ஆண்டுக்குப் பத்துப் பக்கமும் 47 ஆண்டுக்கு ‘பின்னர் குடும்பத்தோடு வாழ்ந்தார்’ என்று ஒரு வரியும் கொடுக்கின்றன. நாற்பத்திரண்டு நாற்பத்து மூன்று வயதில் ஊர் திரும்பிய மனிதர் இரண்டாவது வேலை ஒன்று பார்த்திருப்பார். வங்கிக் காவலர், மின்வாரியம், பாதுகாப்புக் காவல் படையான டி.எஸ்.சி., இல்லை சொந்த விவசாயம். ஓய்வுப் பணத்தில் என்ன வாங்கினார் என்று பத்திரத்தில் இருக்கும். 1975-க்குப் பிந்தைய வில்லங்க விவரத்தைப் பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்குப் பதிவுத்துறைத் தளத்திலேயே தேடலாம். 1979-இல் ஒன்றரை ஏக்கர் வாங்கிக் கிணறு வெட்டினார் என்பது அவர் குடும்பத்தின்மேல் வைத்த அன்புக்கு, ‘பாசமிகு தந்தை’ என்ற சொல்லைவிட உறுதியான சாட்சி.

வீட்டுக் கட்டத்தை நிரப்பப் பாட்டிதான் முதல் ஆள். தாத்தா இல்லாத மாதங்களில் வீட்டை நடத்தியவர் அவர். ஆண்டுக்கு 60 நாள் லீவும் இடையில் கொஞ்சம் கேஷுவல் லீவும் போக, மீதி நாளெல்லாம் மாமனார் மாமியாரையும் பிள்ளைகளையும் நிலத்தையும் தனியாகப் பார்த்தவர். அவருடைய வாழ்க்கையையும் சேர்த்து எழுதாத மலர் பாதி மலர்தான். ‘தாத்தா எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘தங்கமான மனுசன்’ என்பதோடு நின்றுவிடும். லீவுக்கு வந்தால் எந்த ஸ்டேஷனில் இறங்குவார், யார் வண்டி கட்டிக்கொண்டு போவார்கள், பெட்டியில் முதலில் எதை எடுத்துக் கொடுப்பார், மணியார்டர் எந்தத் தேதிவாக்கில் வரும், அதில் யார் யாருக்கு எவ்வளவு பிரியும், தந்தி வந்தால் யார் படித்துச் சொல்வார்கள் என்று கேளுங்கள். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். செல்போனில் பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், போனை மேஜையில் வைக்காமல் அவர் மடிக்கருகே மடித்த துண்டின் மேல் வையுங்கள். பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்தால் அவர்களே பேசிவிடுவார்கள். பேத்தி ஒருத்தி தனியாகக் கேட்பது நல்லது.

கடிதங்களைத் தொடும் முன் பாட்டியிடம் அனுமதி கேளுங்கள். அவை அவருக்கு எழுதப்பட்டவை. எதைப் படிக்கலாம், எதை அச்சிடலாம், எதைக் கட்டியே வைக்கலாம் என்று அவர் சொல்லட்டும். அவருக்குப் பார்வை மங்கல் என்றால் நீங்கள் படித்துக் காட்டி, அவர் தலையசைத்ததை மட்டும் எடுங்கள்.

கடிதத்தில் ஊர்ப் பெயர் இருக்காது. எண், பதவி, பெயர், கம்பெனி, யூனிட், அதன்பின் 56 ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சல் நிலையம்) அல்லது 99 ஏ.பி.ஓ. என்றுதான் இருக்கும். 56 என்றால் வடக்கு, மேற்குப் பக்கங்கள். 99 என்றால் கிழக்கு. அஞ்சல் முத்திரையில் எஃப்.பி.ஓ. (கள அஞ்சல் நிலையம்) என்று ஒரு எண் தெரிந்தால் ராணுவ அஞ்சல் வரலாறு சேகரிப்பவர்கள் அதை வைத்து இடத்தைச் சொல்லக்கூடும். அதனால் தபால்தலையை வெட்டி எடுக்கவே கூடாது. மடிப்பில் கிழிந்த இன்லண்டு லெட்டரைச் செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள். சில வருடத்தில் டேப் காய்ந்து, பசை மட்டும் மஞ்சளாக எழுத்தின்மேல் தங்கிவிடும். இரண்டு பக்கமும் 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள், சிறிய கருப்பு வெள்ளைப் படங்களுக்கு 600. படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரையில் எந்த ஊர் என்று இருக்கும்.

அதே பட்டாலியனில் இருந்தவர்களைத் தேட முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவமனையும் ராணுவக் கேன்டீனும்தான் சரியான இடங்கள். பட்டாலியன் எண்ணையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினால், ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள். அவர்கள் சொல்லும் நிகழ்ச்சியை உங்கள் கால அட்டவணையோடு ஒத்துப்பாருங்கள். ஒத்துவந்தால் சொன்னவர் பெயரோடு, அவர் சம்மதத்தோடு எழுதுங்கள்.

எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி: ‘ஆண்டு விடுப்பைத் தை அறுப்போடு சேர்த்தே கேட்டு வாங்கினார். மூத்த மகள் பிறந்தபோது வடக்கே இருந்தார், குழந்தையை முதலில் பார்த்தபோது அதற்கு ஏழு மாதம். ஓய்வு பெற்ற மறு ஆண்டு அதே மகளைச் சைக்கிளில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடத் தொடங்கினார்.’ அடைமொழி ஒன்றும் இல்லை, ஆனாலும் ஆள் தெரிகிறார்.

அட்டையில் நான்முகச் சிங்கச் சின்னம் போட அச்சகத்தில் ஆசை காட்டுவார்கள். 2005 சட்டப்படி தனியார் அதைப் பயன்படுத்தக் கூடாது. அவருடைய தொப்பியில் உள்ள பேட்ஜைப் படம் எடுத்துப் போடலாமே. வயதாகி இயற்கையாக இறந்தவருக்கு ‘வீரமரணம்’ என்று அச்சிட வேண்டாம், அது களத்தில் இறந்தவர்களுக்கு உரியது. பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருந்தால்தான் நடுவில் பின் அடிக்க முடியும். 16 அல்லது 24 பக்கம், உள்தாள் 100 ஜி.எஸ்.எம்., அட்டை 250 போதும். நீங்கள் யூனிகோடில் தட்டிக் கொடுப்பதை அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ஹ, ஸ், ஷ, ஜ போன்ற எழுத்துகள் உடையும். ஹவில்தார், ரெஜிமென்ட், ஜமேதார் என்று இந்த மலர் முழுக்க அந்த எழுத்துகள்தான். புரூஃபில் அவற்றை மட்டும் தனியாக ஒருமுறை தேடிப் பாருங்கள். எண்களை இன்னொருவர் டிஸ்சார்ஜ் புக்கை வைத்துக்கொண்டு சரிபார்க்கட்டும். அச்சுக்குப் போகும் முன் முழுவதையும் பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள். பேரப்பிள்ளைகள் பட்டியலில் விடுபட்ட பெயரை அவர்தான் கண்டுபிடிப்பார்.

மெடல்களை ஆளுக்கொன்றாகப் பிரிக்காதீர்கள், ஒரே வீட்டில் இருக்கட்டும். நினைவு நிகழ்ச்சியில் குடும்பத்தார் அணிவதென்றால் வலது மார்பில் அணிய வேண்டும். டிஸ்சார்ஜ் புக்கை லேமினேட் செய்யாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அசலைப் பாட்டியிடமே கொடுத்துவிடுங்கள். அவருடைய விதவையர் அடையாள அட்டைக்கும் ஈ.சி.எச்.எஸ். வேலைகளுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.